கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு

காலை எட்டேகாலில் இருந்து மதியம் மூன்றரை வரைக்கும் என் அக்கா வீட்டில் எந்தப் பொருளும் இன்னொரு பொருளோடு மோதக் கூடாது. கரண்டியைக் கீழே வைக்க வேண்டுமானால் முதலில் ஒரு துணியை விரித்து அதன்மேல் வைக்க வேண்டும். குழாயின் வாயில் பழைய காலுறை ஒன்றைக் கட்டியிருக்கிறாள் அக்கா. தண்ணீர் அதன் வழியாக நூல் போல இறங்கிப் பாத்திரத்தில் சேரும். குக்கர் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கியாயிற்று. இழுப்பறைகளின் ஓரத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். தும்மல் வந்தால் தலையணை. பேச்சு வந்தால் கை. மூன்று விரலைக் காட்டினால் மேல்வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள் என்று அர்த்தம். அந்த மேல்வீடு என்னுடையது.

நாங்கள் பிழைக்க வந்த இந்த வேற்றூரின் துறைமுகத்தில் அத்தான் கிரேன் ஓட்டுகிறார். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலடியிலும் கண்ணாடி. அதில் குனிந்தபடியே உட்கார்ந்து, கப்பலில் இருக்கும் கண்டெய்னரைத் தூக்கிக் கரையில் நிற்கும் லாரியின் முதுகில் வைக்க வேண்டும். இரவு வேலை, ஏழிலிருந்து ஏழு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை அவருக்கு ஒரு நொடி கண் சொக்கிவிட்டது. தொங்கிக்கொண்டிருந்த கண்டெய்னர் லாரியின் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் தேய்த்து நசுக்கிவிட்டு நின்றது. ஓட்டுநர் தண்ணீர் குடிக்க இறங்கிப் போயிருந்ததால் பிழைத்தார். அத்தானுக்கு ஒரு கடிதம் வந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் லைசென்ஸ் ரத்து. ஐம்பத்திரண்டு வயதில், கிரேன் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர். அந்தக் கடிதம் பீரோவில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. அதற்கப்புறம் அவர் தூக்கத்தை வீடே காவல் காக்க ஆரம்பித்தது.

அவர் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஏன் சத்தம் என்று ஒரு நாளும் கத்தியதும் இல்லை. கத்தியிருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வீட்டில்தான் பூனை வளர்ந்தாள். பூனை என்பது என் அக்கா மகளுக்கு நான் வைத்த பெயர். பதினெட்டு வயது. எனக்குப் பின்னால் வந்து நிற்பாள், எனக்குத் தெரியாது. "சித்தி" என்பாள், நான் கையில் இருப்பதைப் போட்டுவிடுவேன். எத்தனை டம்ளர் போயிருக்கிறது என்று கணக்கில்லை.

பூனைக்குப் பேய்ப் படம் என்றால் உயிர். கூடத்து நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, மடியில் கணினியை வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் பார்ப்பாள். சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு, கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டு.

"ஹெட்ஃபோன் எதுக்குடி விக்கறாங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"காதை அடைச்சிட்டா நான் போடற சத்தம் எனக்குக் கேக்காது சித்தி."

அப்புறம்தான் சொன்னாள். அந்தக் கண்டெய்னர் தேய்த்த நாளுக்கு முந்தின பகலில் அவள் ஹெட்ஃபோனோடு ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பயத்தில் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தது அவளுக்கே தெரியவில்லை. நாற்காலிக் கால் தரையில் கிரீச்சிட்டதை அவள் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அத்தான் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"அன்னைக்கு ராத்திரிதான் அது நடந்துச்சு. நான்தான் எழுப்பி விட்டேன்."

"பைத்தியம் மாதிரி பேசாத. அம்மாகிட்ட சொன்னியா?"

"நீயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவள் பார்த்த அறுபத்திரண்டு பேய்ப் படங்களும் ஊமைப் படங்கள்தான். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். கேமரா எங்கே நிற்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, முதல் தடவை எப்போது உடம்பு சிலிர்த்தது, எல்லாம் நிமிடம் நொடியோடு.

இந்த வருடம் கல்லூரியில் படம் எடுக்கும் பிரிவில் சேர்ந்தாள். முதல் வருடக் கடைசியில் வகுப்பில் பாதிப்பேரைத்தான் அடுத்த வருடத்துக்கு எடுப்பார்கள். மற்றவர்கள் வேறு பிரிவுக்குப் போக வேண்டும். பூனைக்கு அந்த வேறு பிரிவு மருந்தாளுநர் படிப்பு, அத்தான் முன்னெச்சரிக்கையாகப் பெயர் கொடுத்து வைத்திருந்தார். எடுப்பதா அனுப்புவதா என்பதை ஒரே ஒரு வேலைதான் தீர்மானிக்கும். ஒரு திகில் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை எடுத்துக் காட்ட வேண்டும். கூடவே ஒரு தாள். ஒவ்வொரு ஷாட்டும் இதற்கு முன் வந்த எந்தப் படத்தைப் பார்த்து வந்தது, அதில் எதை எடுத்துக்கொண்டாய், எதை மாற்றினாய் என்று எழுத வேண்டும்.

"அதாவது எங்கேருந்து சுட்டேன்னு நானே எழுதிக் குடுக்கணும் சித்தி. போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கற மாதிரி."

அவளுக்குச் சுடுவதற்கா பஞ்சம்? அறுபத்திரண்டு படம் கையில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரமாகப் பார்த்து மாடிப்படியில் ஆரம்பித்து வீடு முழுக்கப் படப்பிடிப்பு. நான்தான் பேய்.

"முடியை முன்னாடி போடு சித்தி."

"போட்டா எனக்கு வழி தெரியாதுடி."

"பேய்க்கு எதுக்கு வழி?"

"பேய்க்கு வேண்டாம். எனக்கு முட்டி வலி. படி இருக்குல்ல?"

அக்காவின் வேலை விளக்கை அணைத்து அணைத்துப் போடுவது. நாலாவது தடவையிலேயே ஆரம்பித்துவிட்டாள். "பல்பு போயிடும்டி. போனா உங்கப்பாகிட்ட யார் சொல்றது? நீ சொல்லுவியா, பேய் சொல்லுமா?"

நீளமான நடைவழி, ஆடும் வெளிச்சம், ஆவி படிந்த கண்ணாடியில் விரல் தடம், துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னாலிருந்து எழுந்து வரும் நான். ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு படத்தின் பெயர் தயாராக இருந்தது. சத்தத்துக்கு மட்டும் ஒன்றும் யோசிக்கவில்லை. ஏதோ ஒரு பயமுறுத்தும் இசையை இரண்டு நிமிடத்துக்கும் ஒட்டிவிட்டாள்.

கடைசியாகக் கொடுப்பதற்கு முன்னால் எல்லோரும் வகுப்பில் ஒரு தடவை காட்ட வேண்டும். போட்டுக் காட்டினாள். நான் இயந்திரத்தின் பின்னாலிருந்து எழுந்ததும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒரு பையன் எழுந்து நின்று, "அந்த ஆன்ட்டிக்கு யாராவது ஒரு ரப்பர் பேண்ட் குடுங்கப்பா" என்றானாம். பூனை இதை என்னிடம் சொல்லும்போது சிரிக்கத்தான் முயன்றாள். பாதியில் உதடு கோணிக்கொண்டது.

ஆசிரியை சிரிக்கவில்லை. அவர் எங்கள் மொழிக்காரர் இல்லை. அவர் சொன்னதைப் பூனை எனக்குத் தமிழில் சொன்னாள். "நீ நிறையப் படம் பார்த்திருக்கிறாய், தெரிகிறது. ஆனால் ஒரு படத்தைக்கூட நீ கேட்கவில்லையே, ஏன்?"

காரணத்தை அவரிடம் அவள் சொல்லவில்லை. வீட்டு விஷயத்தை எப்படிச் சொல்வது? அவர் அவளை எடிட்டிங் அறையில் உட்கார வைத்து, கதவைச் சாத்தி, தாளில் அவளே எழுதியிருந்த படங்களில் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் பத்து நிமிடத்தை ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அவள் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை.

"சித்தி, அதுல சத்தமே இல்ல."

"எதுல?"

"எல்லாத்துலயும். நான் என்னவோ பயங்கர மியூசிக் ஓடும், கத்துவாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்த எடத்துல எல்லாம் ஒண்ணுமே இல்ல. ஒரு குழாய் சொட்டும். ஒரு தட்டை மெதுவா வெப்பாங்க. அவ்வளவுதான். யாரோ எதையோ எழுப்பிடக் கூடாதுன்னு நடக்கற மாதிரி." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "நம்ம வீடு மாதிரியே இருக்கு."

ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டு வைத்தேன்.

புதிய தொடக்கத்தை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எடுத்தாள். அத்தான் உள்ளே படுத்திருக்கும்போதே. அக்காவிடம் கைச்சைகையில், வழக்கமாகப் பாத்திரம் கழுவுவது போலக் கழுவு என்று மட்டும் சொன்னாளாம். மூடிய கதவை ஒரு ஷாட் எடுத்துக்கொண்டு, கேமராவைத் தாங்கியில் வைத்து அக்காவின் கைகளை மட்டும் பார்க்க வைத்தாள். கல்லூரியில் இரவல் வாங்கிய மைக்கை, நாய்க்குட்டி போல முடி வைத்த மைக் அது, அத்தான் அறைக் கதவின் கீழிடுக்கில் வைத்தாள். தானும் கதவோரம் போய் அசையாமல் நின்றுகொண்டாள். பதினொரு நிமிடம்.

முடித்ததை எனக்குக் காட்டினாள். என் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நானே எழுந்து போய் அதை அணைத்தேன்.

இரண்டு கைகள் ஒரு தட்டைக் கழுவுகின்றன. சத்தமில்லை. தட்டு துணிமேல் போகிறது. அடுத்த தட்டு. சாதாரணமாக ஒரு படத்தில் இதற்குள் நான்கு தடவை காட்சி மாறியிருக்கும். இதில் மாறவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒரு மூச்சு கேட்க ஆரம்பிக்கிறது. கனமான, மெதுவான மூச்சு. மூடிய கதவு ஒன்றைக் காட்டுகிறாள். மறுபடி கைகள். கைகள் ஒரு மூடியை எடுக்கின்றன. மூடி வழுக்கிப் பாத்திரத்தின் விளிம்பில் ஒரு தடவை, ஒரே தடவை, ணங் என்று படுகிறது. கைகள் உறைந்துவிடுகின்றன. மூச்சு நின்றுவிடுகிறது. ஐந்து நொடி, பத்து நொடி, ஒன்றுமே இல்லை. கையிலிருந்து நீர் சொட்டப் போகிறது, இன்னொரு கை அதை வந்து பிடித்துக்கொள்கிறது. இருபத்திரண்டு நொடி. திரை கருக்கிறது.

அது அக்காவின் கை. அந்த வளையலை வாங்கிக் கொடுத்ததே நான். அந்தக் கதவை எனக்கு நன்றாகத் தெரியும், அதற்குப் பின்னால் பாவம் ஒரு மனிதர் தூங்குகிறார் என்பதும் தெரியும். இருந்தும் கையிலிருந்த டம்ளரை ஒரு துணியை விரித்து அதன்மேல்தான் வைத்தேன்.

"மூடி விழுந்தது நெஜமா?"

"நெஜம். அம்மா வேணும்னு பண்ணல. மூச்சு நின்னதும் நெஜம். அந்த எடத்துல நான் எதையும் சேக்கல, வெட்டல."

தாளில் இந்தத் தடவை மூன்றே மூன்று படங்கள். ஒன்றிலிருந்து முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டுவது. இன்னொன்றிலிருந்து கதவைக் கடைசிவரை திறக்காமல் விடுவது. மூன்றாவதிலிருந்து, ஆளுக்குப் பொறுமை போகும்வரை ஒரே ஷாட்டில் நிற்பது. சுட்டதைச் சுட்டதென்று எழுதியிருந்தாள்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. ரப்பர் பேண்ட் கேட்ட பையன், நடுவில் "போதும், நிறுத்து" என்றானாம். ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த மூச்சு யாருடையது?

அங்கேதான் பிடித்தது வினை. முகம் தெரிந்தாலும் குரல் கேட்டாலும் அந்த ஆள் படத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், கல்லூரி விதி. மூச்சும் குரல் கணக்கில்தான் வருமாம். கையெழுத்து இல்லையென்றால் அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது, ஒரு பெண்மணி பாத்திரம் கழுவும் இரண்டு நிமிடம்.

அந்தப் படிவம் ஒன்பது நாள் பூனையின் பையிலேயே கிடந்தது. அப்பாவிடம் போய், உங்களைத்தான் நான் பேயாக வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று எப்படிக் கேட்பது?

"நான் போட்டுத் தரேன்டி உங்கப்பா கையெழுத்தை," என்றாள் அக்கா, என் வீட்டுச் சமையலறையில் நின்று. "பேங்க்லயே ஒரு தடவை போட்டிருக்கேன். யாரும் கண்டுபிடிக்கல."

"அம்மா, அது தப்பு."

"அவர் தூங்கறப்போ கதவுக்குக் கீழ மைக் வெச்சது மட்டும் ரொம்ப சரியோ?"

பூனை படிவத்தை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தாள். இருவர் சொன்னதும் சரி என்றுதான் எனக்குப் பட்டது.

வியாழக்கிழமை கடைசி நாள். ஐந்து மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் வியாழன் அரை நாள்தான், அதனால் மூன்று மணிக்கே அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். மூவரும் சமையலறை மேசையைச் சுற்றிக் கைகட்டி உட்கார்ந்திருந்தோம், தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் போல. மூன்றரைக்கு அறைக் கதவு திறந்தது. அத்தான் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன, மூணு பேரும் ஒண்ணா? யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. உக்காருங்க," என்று அக்கா டீயை அவர் முன்னால் வைத்தாள்.

பூனை கணினியைத் திருப்பினாள். அவசரத்தில் இரண்டு தடவை வேறெதையோ திறந்துவிட்டாள். "அப்பா, காலேஜுக்கு ஒரு படம் எடுத்திருக்கேன். ரெண்டு நிமிஷம்தான். பாத்துட்டுத் திட்டறதுன்னா திட்டுங்க."

பார்த்தார். டீயைத் தொடவில்லை. முடிந்ததும், "இன்னொரு தடவை போடு" என்றார். மறுபடியும் பார்த்தார். நான் மேசை விரிப்பின் ஓரத்து நூலை உருவிக்கொண்டிருந்தேன்.

"இது நானா?"

"ம்."

"நான் இவ்வளவு சத்தமாவா மூச்சு விடறேன்?"

"மைக் பக்கத்துல இருந்துச்சுப்பா. கதவுக்குக் கீழ."

"நீ எங்க நின்ன?"

"கதவுகிட்ட."

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி செவ்வாக்கிழமையா? ரெண்டு மணி இருக்குமா?"

"ஆமாப்பா."

அத்தான் நாற்காலியில் சாய்ந்தார். "அப்போ நீதானா அது," என்றார். "கதவுக்குக் கீழ ரெண்டு கால் நிழல் தெரிஞ்சுது. போகவே மாட்டேங்குது. அம்மான்னா வேலையைப் பாத்துட்டுப் போயிடுவா. யாரு இப்படி நிக்கறதுன்னு பாத்துக்கிட்டே படுத்திருந்தேன். நெஞ்சு அடிச்சுக்கிச்சு. அப்போ பாத்து என்னவோ விழுந்துச்சா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன்."

அக்காதான் முதலில் கணக்குப் போட்டு முடித்தாள்.

"அப்படின்னா நீங்க முழிச்சிட்டு இருந்தீங்களா?"

அவர் டீயைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல. ரெண்டு மணிக்கு முழிச்சிட்டா இருந்தீங்க?"

"பத்தரை, பதினொண்ணு வரைக்கும் தூங்குவேன். அப்புறம் முழிப்பு வந்துடும்."

"அன்னைக்கா?"

"தினமும்தான்."

"எத்தனை நாளா?"

"நீங்க இந்தக் குழாயில துணி கட்டினதுலேருந்துன்னு வெச்சுக்கயேன்." சொல்லிவிட்டு அவரே அவசரமாகத் தொடர்ந்தார். "உங்களைக் குத்தம் சொல்லல. முன்னாடியும் தூக்கம் கம்மிதான். ஆனா சத்தம் இருந்தா அது என்ன சத்தம்னு தெரியும், விட்டுடுவேன். ஒண்ணுமே கேக்கலன்னா காது தானா தேடுது. இப்ப விழும், இப்ப விழும்னு படுத்திருப்பேன். விழாது. அதுக்குள்ள மூணரை ஆயிடும்."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு வருஷமா நான் தும்மலைக்கூட முழுங்கிட்டிருக்கேன்! மனுஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு பாடு படறீங்க. அதுக்கப்புறமும் தூக்கம் வரலன்னு எந்த வாயால சொல்றது?"

"மூணு மணி நேரத் தூக்கத்தோடயா தினம் மேல ஏறிப் போறீங்க?"

அவர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். நான் அதை மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். பத்து மாடி உயரம், காலடியில் கண்ணாடி, கீழே லாரிக்காரர்கள். இரண்டு வருடம்.

பூனைக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பா, அன்னைக்கு நாற்காலியை இழுத்து உங்களை எழுப்பினது நான்தான். ஹெட்ஃபோன் போட்டிருந்தேன், கேக்கல."

"எந்த நாற்காலி?"

"அந்த லாரில இடிச்சதுக்கு முந்தின நாள். நீங்க வந்து தண்ணி குடிச்சிட்டுப் போனீங்களே."

அவர் உண்மையிலேயே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, மேலே பார்த்து, அந்த நாளைத் தேடினார். "ஞாபகமே இல்லம்மா. தண்ணி தாகமா இருந்திருக்கும். நாற்காலி எல்லாம் எனக்குக் கேக்கல."

அவள் அவரை நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. சுவரில் மணி நாலைத் தாண்டிவிட்டிருந்தது. நாலேகால் பேருந்தை விட்டால் அடுத்தது ஐந்துக்குத்தான். நான்தான் வாயைத் திறந்தேன். "அத்தான், ஒரு கையெழுத்து வேணும். இன்னைக்குத்தான் கடைசி."

படிவம் இந்த ஊர் மொழியில் இருந்தது. அத்தானுக்குப் பேச வரும், படிப்பது மெதுவாகத்தான். பூனை மூக்கை உறிஞ்சிக்கொண்டே மொழிபெயர்த்தாள். "என்னுடைய மூச்சை இந்தப் படத்தில் பயன்படுத்திக்கொள்ள நான் மனப்பூர்வமாக அனுமதி தருகிறேன்."

"மூச்சு விடறதுக்கெல்லாமா கையெழுத்து?" என்றார். எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, அவருக்கும்தான். "இந்தக் கட்டத்துல என்ன போட்டிருக்க?"

"படத்துல உங்க பங்கு என்னன்னு கேக்கறாங்க. தூங்கும் மனிதரின் மூச்சுன்னு போட்டிருக்கேன்."

"நான்தான் தூங்கலையே."

"அது யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் அக்கா.

"கையெழுத்து என்னுதுல்ல."

"என்னங்க நீங்க? தூங்கலன்னு எழுதி உங்க பேரையும் போட்டுக் குடுத்து, அது துறைமுகத்துல எவன் கண்ணுலயாவது பட்டா? ஏற்கெனவே ஒரு கடிதம் பீரோவுல கெடக்கு."

அவர் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். அக்கா சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பூனை படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "வேண்டாம்ப்பா. நான் அந்தச் சத்தத்தை எடுத்துடறேன். பரவால்ல."

"எடுத்தா?"

"எடுத்தா ஒண்ணுமில்ல. பாத்திரம் கழுவறது."

"எடுத்தா உன்னை அடுத்த வருஷம் சேப்பாங்களா?"

அவளுக்கு அப்பாவிடம் பொய் சொல்ல வராது. தலையை மட்டும் ஆட்டினாள், இல்லையென்று.

அத்தான் படிவத்தைத் திரும்ப வாங்கினார். 'தூங்கும்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் மேல் இந்த ஊர் மொழியில், பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாக, 'விழித்திருக்கும்' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவர் போனை எடுத்தார். சூப்பர்வைசரைக் கூப்பிடுகிறார் என்று குரல் மாறியதிலேயே தெரிந்தது. இன்று என்னால் மேலே ஏற முடியாது என்றார். உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்க வேண்டும். இல்லை, தூங்கவில்லை என்றார். நேற்று மட்டும் இல்லை, ரொம்ப நாளாக என்றார். அப்புறம் அந்தப் பக்கம் நீளமாகப் பேசியது. அவர் "சரி" என்றார். இன்னும் நீளமாகப் பேசியது. "சரி" என்றார். அதற்கு மேல் நிற்க நேரமில்லை.

பேருந்தில் பூனை படிவத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார இடம் இருந்தது, உட்காரவில்லை. "சித்தி, அவர் போன் பண்ணது நல்லதா, கெட்டதா?"

"ராத்திரி மேல ஏறலல்ல. அது நல்லதுதான்."

"அதுக்கப்புறம்?"

சிக்னலில் வண்டி நின்றது. இருவரும் நேரத்தைப் பார்த்தோம்.

கவுண்டரில் எங்களுக்கு முன்னால் ஆறு பேர். நாலு ஐம்பத்திரண்டுக்கு எங்கள் முறை வந்தது. உள்ளே இருந்த அம்மாள் தாளைப் பார்த்தார், பென்டிரைவை உறையில் போட்டார், படிவத்தை எடுத்தார். அடித்துத் திருத்தியிருந்த இடத்தில் அவர் விரல் நின்றது. இதற்குப் பக்கத்தில் திருத்தியவரின் சுருக்கக் கையெழுத்து இருந்திருக்க வேண்டும் என்றார். பூனை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் திருத்தத்தை இன்னொரு தடவை படித்தார். அப்பாவா என்று கேட்டார். ஆமாம் என்றாள். பரவாயில்லை, வாங்கிக்கொள்கிறேன், ஆனால் உள்ளே போய்விட்டால் எதையும் திரும்பத் தர மாட்டோம், சம்மதமா என்று கேட்டுப் படிவத்தை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"குடுக்கவா சித்தி?" என்று என்னைப் பார்த்தாள்.

"அப்பா யோசிச்சுப் போட்ட கையெழுத்துடி."

படிவத்தை உள்ளே தள்ளினாள். முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் பூனையின் போனுக்கு அக்காவின் செய்தி வந்தது. அப்பா வேலைக்குப் போகல. நாளைக்குப் பத்து மணிக்குத் துறைமுக டாக்டரைப் பாக்கணுமாம். லைசென்ஸைக் கையோடு கொண்டு வரச் சொல்லியிருக்காங்க.

பூனை அதை இரண்டு தடவை படித்தாள். "லைசென்ஸை எதுக்குக் கொண்டு வரச் சொல்றாங்க?"

"பாக்கறதுக்கா இருக்கும்."

"பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவாங்களா?"

எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். நிறுத்தத்தில் நின்றோம். அவளுக்கு அடுத்த வருடம் இடம் கிடைக்குமா என்பதை அவளும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பேருந்து தூரத்தில் திரும்புவது தெரிந்ததும்தான் பேசினாள்.

"நாளைக்கு நான் அப்பாகூடப் போறேன்."

"டாக்டர்கிட்ட உன்னை உள்ள விட மாட்டாங்கடி."

"விடலன்னா வெளிய உக்காந்திருக்கேன்," என்றாள்.